திரும்பும் மூச்சு: முத்துக்குளிப்பும் பிழைப்புத் திகில் விளையாட்டின் அச்சமும்

கேள்வி

1996 மார்ச்சில் ஜப்பானின் காப்காம் நிறுவனம் வெளியிட்ட ‘பயோஹசார்ட்’ என்ற வீடியோ கேம் பிற நாடுகளில் ‘ரெசிடென்ட் ஈவில்’ என்ற பெயரில் அறிமுகமானது. காட்டுக்குள் ஒரு மாளிகை, அதற்குள் நடமாடும் பிணங்கள், உள்ளே மாட்டிக்கொண்ட சில காவல்துறையினர்: கதை இவ்வளவே. நடிப்பு செயற்கை; வசனங்கள் பல இடங்களில் சிரிப்பூட்டும். பாத்திரத்தைத் திருப்புவதே ஒரு வேலை. நின்ற இடத்தில் இடமோ வலமோ சுழற்றிவிட்டுத்தான் முன்னே நடத்த வேண்டும். கேமரா ஒவ்வோர் அறையிலும் ஏதோ ஒரு மூலையில் ஆணியடித்தாற்போல நிற்கும். அந்த நடைபிணங்களை இன்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்குப் பயம் வராது. ஆனால் கன்ட்ரோலரைக் கையில் வாங்கி, துப்பாக்கியில் மூன்றே தோட்டாக்களோடு திறக்காத கதவொன்றின் முன் நிற்கும்போது சிரிப்பு அடங்கிவிடும். பார்ப்பவருக்கு வராத அச்சம் ஆடுபவருக்கு வருகிறது என்றால், அந்த அச்சம் திரையில் தெரியும் உருவத்தில் இல்லை. பிறகு எங்கே இருக்கிறது? அச்சப்படுவதற்கென்றே காசு கொடுத்து, முடித்த பின் நிறைவோடு எழுந்து போகிறோமே, அந்த நிறைவு எதனால் ஆனது?

‘சர்வைவல் ஹாரர்’ என்ற வகைப்பெயர் பரவியதும் இந்த விளையாட்டின் வழியாகத்தான். தமிழில் ‘பிழைப்புத் திகில்’ என்று சொல்லிப் பார்க்கலாம். ‘பிழைப்பு’ என்றால் உயிர் தப்புவதும்தான், வயிற்றுப்பாடும்தான். இரண்டு பொருளும் ஒன்றாக நின்ற ஒரு தொழில் தூத்துக்குடிக் கடலில் இரண்டாயிரம் ஆண்டுகள் நடந்தது. முத்துக்குளிப்பு பற்றிய பதிவுகளை அருகில் வைத்துப் படித்தால், மேற்கண்ட கேள்விகளுக்கு வீடியோ கேம் ஆய்வுகள் தரும் விடைகளைவிடச் சற்றுத் துல்லியமான விடை கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதுவரை சொல்லப்பட்டவை

அச்சத்தை அதன் காரணத்தைக் கொண்டு வகைப்படுத்துவது தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைத் தருகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் அரசன். நான்குமே வெளியிலிருந்து வந்து தாக்கக்கூடியவை. 1757இல் ஆங்கிலத்தில் எழுதிய எட்மண்ட் பர்க், தெளிவின்மையே அச்சத்தைப் பெருக்குகிறது என்றார். ஆபத்தின் முழு அளவு தெரிந்துவிட்டால் பயத்தில் பெரும்பகுதி போய்விடும் என்பது அவர் கருத்து. திகில் கலையைப் பற்றி 1990இல் நூல் எழுதிய நோயல் கரோல் மீண்டும் உருவத்துக்கே வந்தார். எந்த வகையிலும் அடங்காத பிறவி ஒன்று அருவருப்பையும் ஆர்வத்தையும் ஒருசேரத் தூண்டுகிறது. அதை அறிந்துகொள்ளும் ஆசைக்காகவே அருவருப்பைப் பொறுத்துக்கொள்கிறோம் என்பது அவர் விளக்கம். திரைப்படத்துக்கும் நாவலுக்கும் இது பொருந்தலாம். ஆனால் ஒரே நடைபிணத்தை நாற்பதாவது முறை பார்க்கும் ஆட்டக்காரரிடம் அறியும் ஆர்வம் எதுவும் மிஞ்சியிருக்காது. அச்சம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

விளையாட்டுக்கு நெருங்கி வந்தவர் டான்யா கிரிஸ்வின்ஸ்கா. தன் கட்டுப்பாட்டில் இருப்பதற்கும் கட்டுப்பாடு பறிபோவதற்கும் இடையே ஆட்டக்காரர் ஊசலாடுவதே திகில் விளையாட்டின் தனித்தன்மை என்று 2002இல் அவர் எழுதினார். இதற்கு இணையாக, ஆட்டக்காரர்களிடையே வெகுநாளாக நிலவும் ஒரு விளக்கமும் உண்டு: பற்றாக்குறை. தோட்டா குறைவு, மருந்து குறைவு, பை சிறிது. ‘ரெசிடென்ட் ஈவி’லில் கிறிஸ் என்ற பாத்திரம் ஆறு பொருள்களையும் ஜில் எட்டுப் பொருள்களையும் மட்டுமே சுமக்க முடியும். ஆட்டத்தைச் சேமிக்கவே மை நாடா வேண்டும். அந்த நாடாவும் எண்ணித்தான் கிடைக்கும், அதுவும் பையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த விளக்கம் சரியான திசையில் போகிறது. ஆனால் பற்றாக்குறை மட்டும் பயமுறுத்தும் என்றால் மாதக் கடைசியில் ரேஷன் அரிசியை அளந்து வைக்கும் குடும்பக் கணக்கும் திகில் கதையாகிவிடும். பற்றாக்குறையில் எந்த வகை அச்சமாகிறது என்று பார்க்க வேண்டும்.

கடலுக்குள் ஒரு நிமிடம்

மன்னார் வளைகுடாவில் சிப்பி வளரும் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். பல பார்கள் ஐந்து முதல் பத்துப் பாகம் (ஃபாதம்) ஆழத்தில் கிடக்கின்றன. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்பு நடக்கும் பருவத்தில் படகுகள் இரவில் நிலக்காற்றைப் பிடித்துக் கிளம்பும். விடிந்ததும் குளிப்பு தொடங்கும். நண்பகல் வாக்கில் கடற்காற்றில் கரை திரும்பும். குளியாளிகள் இருவர் இருவராக முறை வைத்து இறங்குவர். ஒரு கயிற்றில் கனத்த கல், இன்னொரு கயிற்றில் பை. கல்லின் மேல் கால் வைத்து, மூச்சை இழுத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினால் சில நொடிகளில் தரை. கல் மேலே போய்விடும். பிறகு கை வேகத்தில் சிப்பிகளைப் பொறுக்கிப் பையில் போட்டு, கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் இழுப்பார். மூச்சு நிற்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். மேலே வந்து இளைப்பாறி மறுபடி இறங்க வேண்டும். ஒரு நாளில் இப்படி நாற்பது ஐம்பது முறை இறங்கியதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்புகள் சொல்கின்றன.

இந்த ஒரு நிமிடத்தின் கணக்கைக் கவனிக்க வேண்டும். சிப்பி பொறுக்கச் செலவாகும் மூச்சும் மேலே ஏறத் தேவையான மூச்சும் ஒரே இருப்பிலிருந்து போகின்றன. இன்னும் ஐந்து சிப்பிக்குக் கை நீட்டினால் அந்த ஐந்தும் திரும்பும் மூச்சிலிருந்து கழியும். தூரம் கூடினால் செலவு கூடும். செலவு கூடிவிட்டதா என்பதோ கீழே இருக்கும்போது ஓரளவுதான் தெரியும். அரிசிக் கணக்கில் இல்லாதது இதுதான். அங்கே தீர்ந்தால் பட்டினி, இங்கே தீர்ந்தால் திரும்பும் வழியே இல்லை.

சுறாவும் கடல்கட்டியும்

குளியாளி எதற்கு அஞ்சினார் என்று பதிவுகளைக் கேட்டால் விடை ஒரே குரலில் வருகிறது: சுறா. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கடந்த மார்க்கோ போலோ, பெருமீன்களை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு தரப்பட்டது என்கிறார். அரசனுக்குப் போனது பத்தில் ஒரு பங்கு. கட்டு பகலுக்கு மட்டுமே செல்லும். இரவில் மந்திரக்காரரே அதை அவிழ்த்துவிடுவார், திருட்டுத்தனமாக யாரும் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. தமிழில் இவருக்குக் கடல்கட்டி என்று பெயர். திசைக்கட்டு, பேய்க்கட்டு என்று மாந்திரீகத்தில் வழங்கும் அதே ‘கட்டு’தான் இது.

இலங்கையில் காலனியச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் எழுதிய குறிப்புகள் இவ்விடத்தில் மிக முக்கியமானவை. வளைகுடாவில் சுறாக்கள் மிகுதி என்று சொல்லிவிட்டு, பிரிட்டிஷார் இலங்கையைக் கைக்கொண்டது முதல் தம் காலம்வரை முத்துக்குளிப்பின்போது சுறாவால் நேர்ந்ததாக உறுதியாகத் தெரிந்த விபத்து ஒன்றே ஒன்றுதான் என்கிறார். ஆனாலும் கடல்கட்டி இல்லாமல் படகு கிளம்பாது. டென்னன்ட் சலாபத்தைப் பார்க்கப் போன சமயத்தில் கடல்கட்டிக்கு உடம்பு சரியில்லை, பதிலாள் வந்திருந்தார். மந்திர ரகசியம் தனக்குத் தெரியாதென்றும், பெரியவரின் பிரதிநிதியாகத் தான் வந்து நிற்பதையே சுறாக்கள் மதிக்கும் என்றும் அந்தப் பதிலாள் சொன்னாராம். கடல்கட்டிப் பரம்பரையின் அப்போதைய தலைவர் கத்தோலிக்கர் என்பதும் யாருக்கும் இடையூறாகப் படவில்லை.

விபத்து குறைந்ததே மந்திரத்தின் பலன்தானே என்று நம்புகிறவர் கேட்கலாம்; அந்தக் கேள்வியை ஆவணத்தைக் கொண்டு முறியடிக்க முடியாது. நூற்றுக்கணக்கானோர் ஒரே நேரத்தில் குதிக்கும் அரவம் சுறாவை விரட்டியிருக்கும் என்பது அக்காலத்திலேயே சொல்லப்பட்ட மாற்று விளக்கம். எதை ஏற்றாலும் ஒன்று தெளிவு: அச்சத்தின் அளவும் சுறாவால் நேர்ந்த சேதத்தின் அளவும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு முழுக்கிலும் தவறாமல் நெருக்கியது மூச்சு. மூச்சோடு பேரம் பேச முடியாது, அதற்குக் கட்டுப்போட மந்திரமும் இல்லை. சுறாவுக்கு உருவம் உண்டு, பசி உண்டு, கட்டுப்படுத்த ஆளும் உண்டு. முகமில்லாத கணக்குக்குச் சுறா முகமாக அமைந்தது என்றே நான் இதை வாசிக்கிறேன். கடல்கட்டி கட்டியது மீனை மட்டுமன்று, இறங்குபவரின் நெஞ்சையும்தான்.

‘ரெசிடென்ட் ஈவி’லின் நடைபிணம் செய்யும் வேலையும் இதுவே. அது மெதுவாக நடக்கும். அகலமான இடத்தில் சுற்றிப் போய்விடலாம். அதனால் வரும் சேதத்தைவிட அதைக் கொல்லச் செலவாகும் தோட்டாதான் பெரிய சேதம். தட்டச்சுப்பொறி இருக்கும் சேமிப்பு அறையில் மெல்லிய இசை ஒலிக்கும். எந்தப் பூதமும் அங்கே வராது. அந்த அறை ஆட்டத்தின் கடல்கட்டி. போலோ சொன்ன பகல்நேரக் கட்டைப் போலவே இந்தப் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு, மை நாடா தீரும்வரை. எல்லையில்லாமல் சேமிக்க விட்டால் பயம் கரைந்துவிடும். சேமிக்கவே விடாவிட்டால் ஆள் எழுந்து போய்விடுவார். இதே ஆட்டத்தில் காவலர் விடுதியின் வெள்ளம் சூழ்ந்த கீழ்த்தளத்தில் நெப்டியூன் என்ற ராட்சதச் சுறாவும் உண்டு. அந்தக் கட்டத்துக்கு விடை சுறாவைச் சுட்டுத் தள்ளுவதில் இல்லை, தண்ணீரை வடிப்பதில் இருக்கிறது.

வந்த வழியே திரும்புவது

இனிப் பற்றாக்குறை விளக்கத்தைத் திருத்திக்கொள்ளலாம். பிழைப்புத் திகிலின் அச்சம், திரும்பும் வழிக்கும் சேர்த்து எடுத்துவைக்க வேண்டிய இருப்பை முன்னே போகவே செலவழிக்க நேர்வதில் பிறக்கிறது. இவ்வகையின் தலைசிறந்த ஆட்டங்கள் ஆட்டக்காரரை ஒரே கூடத்துக்கு, ஒரே மாடிப்படிக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவது இதனால்தான். ஓரிடத்தில் சாவி கிடைக்கும். அது திறக்கும் கதவு நாம் ஓடி வந்த தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும். தோட்டாவை மிச்சம்பிடிக்க எந்தப் பிணத்தைச் சுடாமல் விட்டோமோ அது அங்கேயே நிற்கும்.

1996 ஆட்டத்தில் இதற்கு மிக நல்ல சான்று நடுப்பகுதியில் வருகிறது. காவலர் விடுதிக்குப் போய் வேலையை முடித்து, ஏறக்குறைய பழகிப்போன மாளிகைக்குள் திரும்பி நுழைகிறோம். நாம் கடந்த கதவுகளை நம் பின்னாலேயே திறந்துகொண்டு ஏதோ ஒன்று விரைந்து வருவதை அதன் கண் வழியாகவே காட்டுகிறார்கள். ஹன்டர் என்ற வேகமான விலங்கு அறிமுகமாவது இப்படித்தான். பாதுகாப்பானது என்று வரவு வைத்திருந்த இடங்கள் ஒரே காட்சியில் செலவுப் பக்கத்துக்குப் போய்விடுகின்றன. இயக்குநர் ஷின்ஜி மிகாமி 2002இல் இதே ஆட்டத்தைப் புதுக்கியபோது கணக்கை இன்னும் இறுக்கினார். கொன்ற பிணத்தை எரிக்காமலோ தலையைச் சிதைக்காமலோ விட்டால், பிறகு அது செந்தலையோடு முன்னிலும் வேகமாக எழும். எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும். அதுவும் அளவோடுதான் கிடைக்கும். ஆக, எதிரியைக் கொல்வதுகூடத் திரும்பும் வழிமேல் ஏறும் கடன்.

மாறாக, 2005இல் வந்த நான்காம் பாகம் பெரும்பாலும் முன்னோக்கியே ஓடுகிறது. எதிரிகள் விழும்போது தோட்டாவை உதிர்க்கிறார்கள். ஆயுத வியாபாரி ஒருவர் வழியெங்கும் கடை விரித்திருக்கிறார். மிக நேர்த்தியான ஆட்டம் அது. ஆனால் பதற்றம் இருக்கும் அளவுக்கு அச்சம் இல்லை என்பது பரவலான தீர்ப்பு. அச்சம் குறைந்ததற்குத் தோட்டா பெருகியதைக் காரணம் சொல்வார்கள். திரும்பும் பயணம் குறைந்துபோனதை நான் முதலில் வைப்பேன்.

மறுப்புகள்

‘சைலன்ட் ஹில்’ (1999) இந்த வாதத்துக்கு இடறலாகத் தோன்றலாம். அதில் தோட்டாப் பஞ்சம் அவ்வளவு கடுமையாக இல்லை. அச்சமோ ‘ரெசிடென்ட் ஈவி’லைவிட ஆழமானது. அந்த நகரை மூடிய மூடுபனி, தொலைவைத் தீட்டிக் காட்டப் பிளேஸ்டேஷனுக்கு வலு போதாததை மறைக்க எழுந்தது. குறையை அழகாக்கிய கைவண்ணம் அது. மூடுபனிக்குள் பையில் இருக்கும் ரேடியோ கரகரக்கும். பூதம் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியும், எந்தப் பக்கம் என்பது தெரியாது. இங்கே தட்டுப்பாடு பார்வைக்கு. பர்க் சொன்ன தெளிவின்மையும் செலவுக் கணக்குக்குள் வந்துவிடுகிறது: எவ்வளவு செலவாகும் என்பதை மறைத்துவைத்தால் எவ்வளவு மிச்சம் வைப்பது என்று முடிவெடுக்க முடியாது. கடலடியில் கலங்கல் செய்யும் வேலை இது. ஆயுதமே தராத ‘அம்னீசியா’ (2010) ஆட்டத்திலும் விளக்கெண்ணெயும் தீப்பெட்டியும் எண்ணித்தான் கிடைக்கின்றன.

இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று. உயிரைப் பணயம் வைத்து உழைத்தவர்களின் உடலை, சோபாவில் சாய்ந்திருப்பவரின் பொழுதுபோக்கோடு ஒப்பிடுவது முறையா? ஒப்பீடு அச்சத்தின் அமைப்பைப் பற்றியது, அதன் விலையைப் பற்றியது அல்ல. விலையில் இருக்கும் வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு பொய்யாகிவிடும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘பெரிப்ளூஸ்’ என்ற கிரேக்கக் கடல்வழிக் கையேடு, பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளிக்கத் தண்டனைக் கைதிகள் இறக்கப்பட்டதாகச் சொல்கிறது. அவர்களுக்குத் தொல்காப்பியம் சொன்ன நான்காம் அச்சமே, அரசனே, முதன்மையானது. கடல் அதற்கு அடுத்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சலாபத்தில் குளியாளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு சிப்பி. மீதி இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. அரசின் பங்கு திறக்காமலே ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று மாலையில் ஏலம் போகும். 1889இன் தூத்துக்குடிச் சலாபத்தை நேரில் பார்த்து எழுதிய எட்கர் தர்ஸ்டனின் குறிப்புகளிலும் இந்தப் பங்கீட்டைக் காணலாம். கடலில் இறங்கியவருக்கு அச்சமும் கரையில் நின்றவருக்கு இரண்டு பங்கும் என்று பிரிந்த ஏற்பாடு அது. விளையாட்டில் அஞ்சுபவரும் அடைபவரும் ஒரே ஆள். அஞ்ச ஒப்புக்கொண்டவரும் அவரே.

நிறைவு எதனால் ஆனது

பயத்தால் ஏறிய படபடப்பு, ஆபத்து நீங்கியதும் மகிழ்ச்சியாக உருமாறுகிறது என்பது டால்ஃப் ஜில்மன் போன்ற உளவியலாளர் தரும் விளக்கம். ராட்சத ராட்டினத்திலிருந்து இறங்குபவருக்கு இது பொருந்தும். பிழைப்புத் திகிலை முடித்தவர் சொல்லும் கதையோ வேறு மாதிரி இருக்கும். எந்தப் பிணத்தைச் சுடாமல் விட்டேன், எந்த மூலிகையை எதற்காக ஒளித்துவைத்தேன், மை நாடாவை எங்கே துணிந்து செலவழித்தேன் என்று அவர் கணக்கு ஒப்பிப்பார். தொல்காப்பியம் உவகையையும் பெருமிதத்தையும் தனித்தனி மெய்ப்பாடுகளாக வைத்திருப்பது இவ்விடத்தில் உதவுகிறது. பெருமிதத்தின் நான்கு நிலைக்களன்களில் கல்வியும் தறுகண்மையும் உண்டு. மாளிகையின் வரைபடத்தை மனத்தில் ஏற்றிக்கொள்வது கல்வி. குறைந்த இருப்போடு கதவைத் திறப்பது தறுகண்மை. புதுக்கிய பதிப்பின் வரைபடத்தில், வேலை முடிந்த அறை சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். சிறு மாற்றம்தான், ஆனால் வேறெந்தப் பரிசும் அதற்கு ஈடாவதில்லை.

இதைச் சலாபத்தோடு ஒட்டிப் பார்த்தால் இரண்டு வகைப் பரிசுகள் பிரிந்து நிற்கின்றன. சிப்பிக்குள் முத்து இருப்பது முழுக்க அதிர்ஷ்டம். ஏலத்தில் ஆயிரம் சிப்பி எடுத்தவர் ஆடியது சூதாட்டம். பாரை அறிந்து, மூச்சை அளந்து, பையை நிரப்பி மேலே வருவது திறமை. நல்ல திகில் ஆட்டம் பொருள்களைக் குலுக்கல் முறையில் உதிர்க்காமல் குறிப்பிட்ட இடங்களில் வைத்திருப்பதன் காரணம் இதுதான். ஏலக்காரரின் பரிசை அது தர விரும்புவதில்லை, குளியாளியின் பரிசைத் தருகிறது. இன்றைய கைபேசி விளையாட்டுகள் காசுக்கு விற்கும் குலுக்கல் பெட்டிகள் ஏலக்காரரின் வழியில் போனவை. அவற்றில் திகில் இல்லை, திறக்கும்வரை ஏங்கவைக்கும் பதற்றம் மட்டுமே.

மூச்சு வரம்பில்லாமல் கிடைத்தால்

1996 ஆட்டத்தை மூன்று மணி நேரத்துக்குள் முடித்தவருக்குத் தீராத ராக்கெட் ஏவி ஒன்று பரிசாகக் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு மறுமுறை மாளிகைக்குள் போனால் அதே பிணங்கள், அதே இருட்டு, அதே கதவொலி. அச்சம் மட்டும் இல்லை. அச்சம் எதில் இருந்தது என்பதற்கு ஆட்டமே செய்து காட்டும் சோதனை அது.

கடலிலும் இதைப் போன்ற ஒரு மாற்றம் நடந்திருக்கிறது, ஆனால் முடிவு வேறு. தூத்துக்குடியின் கடைசி முத்துச் சலாபம் 1961இல் நடந்தது. சங்குகுளிப்பு நிற்கவில்லை. திரேஸ்புரத்திலிருந்து போகும் சங்குகுளிகள் இப்போது கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். ஒரு நிமிடக் கணக்கு மறைந்துவிட்டது. அதனால் அடியில் தங்கும் நேரம் கூடியது, ஆழமும் கூடியது. அழுத்தம் குறையும் வேகத்தில் இரத்தத்தில் குமிழி கட்டும் நோய்க்கு முகம் கிடையாது. அது பெரும்பாலும் மேலே வந்த பிறகுதான் தாக்கும். அச்சம் குறைந்த அளவுக்கு ஆபத்து குறையவில்லை. விளையாட்டில் இவ்விரண்டும் சேர்ந்தே குறையும், தொழிலில் அப்படி இல்லை. இக்கட்டுரையின் ஒப்பீடு செல்லுபடியாகும் எல்லையும் இதுவே.

முத்துக்குளித்த நாள்களில் மேலே கயிறு பிடிப்பவர் மச்சானாக இருப்பார் என்று இக்கரையில் சொல்வழக்கு உண்டு. தன் அக்கா தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவர் கைவிட மாட்டாராம். இன்று மூச்சைக் கொடுப்பது இயந்திரம். குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ளப் படகில் இன்னமும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.